கறையானின் வயிற்றிலே வாழும் குடிகள்

வீட்டு வளையையும் கதவு நிலையையும் கறையான் அரித்துவிட்டதெனக் கவலையுறுவோர் பலர். ஆயின், மரத்தை அரிப்பது வேறு. அரித்த மரத்தால் உயிர்வாழ்வது வேறு. மரத்தின் பெரும்பகுதி செலுலோசு என்னும் பொருளாலானது. அதனைச் சீனியாக உடைத்துச் சமிபாடடையச் செய்தல் பெரும்பாலான விலங்குகளுக்கு இயலாத செயலாகும். பசுவுங்கூடத் தன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களின் துணைகொண்டே புல்லை உணவாக்குகின்றது. அங்ஙனமாயின், அரிசிமணியளவான இப்பூச்சி உலர்ந்த மரத்தையே உண்டு வாழ்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகள் பல வழிகளைக் கையாண்டனர்.

முதலாவது வழி, உற்றுநோக்கல். ஜோசப் லைடி என்னும் அமெரிக்க விஞ்ஞானி கறையானின் குடலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தபோது, ஒரு துளியினுள்ளே எண்ணிறந்த உயிர்கள் நெருங்கித் திரிவதைக் கண்டார். 1881ஆம் ஆண்டில் அவற்றைப்பற்றி எழுதிய கட்டுரைக்கு, ‘கறையான்களின் ஒட்டுண்ணிகள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். கண்டது உண்மை, ஆயின் அவ்வுயிர்கள் செய்யும் தொழில் யாதென்பதைக் கண்ணால் மட்டும் அறிய முடியவில்லை.

இரண்டாவது வழி, நீக்கிப் பார்த்தல். 1920ஆம் ஆண்டுகளில் கிளீவ்லண்ட் என்னும் மற்றோர் அமெரிக்கர், கறையான்களை ஒருநாள் முழுதும் 36 பாகை சதம வெப்பத்தில் வைத்தார். குடலிலிருந்த புரொட்டோசோவாக்கள் மடிந்தன; கறையான்களோ மடியவில்லை. அவை முன்போலவே மரத்தை உண்டன. எனினும் சில வாரங்களுள் பட்டினியால் இறந்தன. வேறு கறையான்களிடமிருந்து அந்நுண்ணுயிர்களை மீண்டும் பெற்றவையோ உயிர்பிழைத்தன. ஒட்டுண்ணிகள் எனப்பட்டவை உண்மையில் உணவு சமைக்கும் துணைவர்களே என்பது இதனால் தெளிவாயிற்று.

எனினும், கதை அத்துடன் முடியவில்லை. அவுஸ்திரேலியக் கறையானொன்றின் குடலில் வாழும் மிக்சோதிரிக்கா என்னும் புரொட்டோசோவாவின் மேற்பரப்பிலே மயிர் போன்ற இழைகள் அசைவது காணப்பட்டது. அவை அதன் உடலுறுப்புகளே என எண்ணப்பட்டன. 1964ஆம் ஆண்டில் கிளீவ்லண்டும் கிறிம்ஸ்ரனும் அவ்விழைகளுட் பெரும்பாலானவை தனித்தனிப் பற்றீரியாக்கள் எனக் காட்டினர். படகைத் துடுப்போர் செலுத்துவதுபோல அவையே அவ்வுயிரை நகர்த்துகின்றன. ஆகவே, கறையானுக்குள் ஓர் உயிர். அவ்வுயிரின்மேல் வேறு உயிர்கள்!

இப்பற்றீரியாக்களை ஆராய்தல் எளிதன்று. குடலின் நடுப்பகுதியில் ஒட்சிசன் இல்லை. சுவரை அண்டிய பகுதியிலோ சிறிது உண்டு. இத்தகைய சூழலை ஆய்வுகூடத்திலே அமைப்பது கடினமாதலின், பெரும்பாலானவை அங்கு வளர மறுக்கின்றன. எனவே மூன்றாவது வழி தோன்றியது. வளர்க்காமலே அவற்றின் பரம்பரை அலகுகளை ஒருங்கே வாசிப்பது அது. கோஸ்டாரிக்கா நாட்டுக் கறையானொன்றின் குடலை இவ்வாறு ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்டது. அக்கறையானிடம் புரொட்டோசோவாக்கள் இல்லை. ஆயினும் செலுலோசை உடைக்கும் நொதியங்களை ஆக்கவல்ல அலகுகள் அதன் பற்றீரியாக்களிடம் மிகுதியாகக் காணப்பட்டன.

நுண்ணுயிர்கள் மரத்தைப் புளிக்கச் செய்து உண்டாக்கும் அசற்றிக்கமிலமே கறையானுக்குப் பெரிதும் சத்தளிக்கின்றது. மரத்திலே நைதரசன் மிகக் குறைவு. அக்குறையைச் சில பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பற்றிக்கொண்டு தீர்க்கின்றன. இது 1973ஆம் ஆண்டில் அறியப்பட்டது. புரொட்டோசோவாக்களைக் கொண்ட கறையானின் குஞ்சு தோலுரிக்கும்போது குடலின் உட்தோலையும் கழற்றுவதால், அதன் குடிகள் பெரும்பாலும் அழிகின்றன. பின்னர் கூட்டிலுள்ள மற்றக் கறையான்களின் பின்குடல் கழிவை உண்டே அது அவற்றைத் திரும்பப் பெறுகின்றது. கூட்டத்தைப் பிரிந்த கறையான் குஞ்சு உணவிருந்தும் வாழமாட்டாது.

இவ்வாராய்ச்சி இலங்கைக்கும் பயனுடையது. தேயிலைச் செடியின் உயிர்மரத்தைத் துளைக்கும் கறையான்கள் புரொட்டோசோவாக்களை வயிற்றிற் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவை. புற்றெழுப்பி வாழ்பவையோ புற்றினுள்ளே பூஞ்சணத் தோட்டம் வளர்த்து, அதன் துணையால் இலைசருகையும் மரத்தையும் உணவாக்குகின்றன. அவற்றின் குடலிற் புரொட்டோசோவாக்கள் இல்லை, பற்றீரியாக்களே உண்டு. ஒன்றின் வயிற்றிலுள்ள துணைவரை அழிக்கும் முறை மற்றொன்றுக்குப் பயன்படுமென எண்ணுதல் தவறாகும். கறையானை வெல்ல விரும்புவோர், அது எவ்வகைக் கறையான் என்பதோடு, அதன் வயிற்றில் வாழும் குடிகள் எவை என்பதையும் முதலில் வினவுதல் வேண்டும்.