கைமாறும் படங்கள்

ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவியில் தாய் இருக்கிறாள். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் மகன் வேலை பார்க்கிறான். பேரக்குழந்தை முதலடி எடுத்துவைத்த காட்சி, சில நொடிகளில் பாட்டியின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது? இவ்வசதியை நாம் எவ்வாறு ஆளவேண்டும்? இவ்விரண்டையும் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

எம்.எம்.எஸ். எனப்படும் பல்லூடகச் செய்தி 2002-ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. அதில் படம் நேரே மறுமுனைக்குச் செல்வதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் செய்தி நிலையம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, பெறுபவருக்கு ஓர் அறிவிப்பை மட்டும் அனுப்பும். அதைக் கண்ட கைப்பேசி நிலையத்திலிருந்து படத்தை இறக்கிக்கொள்ளும். பார்சல் அஞ்சலகத்தில் இருக்க, தபால்காரர் சீட்டை மட்டும் கொண்டுவந்து தருவது போன்றது இது.

2009-இல் தோன்றிய வாட்ஸ்அப் இணையத்தின் வழியே இப்பணியைச் செய்கிறது. 2016 முதல் அதன் செய்திகள் முழுவதும் பூட்டப்பட்டே செல்கின்றன. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர வேறெவரும் திறக்க இயலாது. இது நம் அந்தரங்கத்திற்குக் காவல். ஆனால், வழியில் சோதிப்பார் எவரும் இல்லை என்பதும் இதன் பொருளன்றோ? ஆகவே, சோதிக்கும் கடமை நம் கையில் வந்து சேர்கிறது.

அக்கடமையை மறந்ததன் விளைவை 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கண்டோம். பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியிருந்தது. நம் அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையில், போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதையே குற்றமாகக் கருதிய கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அதே மாதம் பெங்களூரில், வேலை தேடி வந்த இளைஞர் ஒருவரும் இவ்வாறே மாண்டார்.

அந்நாளில் இந்தியாவில் பரவிய படங்களுள் ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடத்துவது போல நடித்தவர்கள் குழந்தையைத் திரும்ப விட்டுச்செல்லும் இறுதிப் பகுதியை எவரோ வெட்டிவிட்டனர். எஞ்சியது பொய்யாயிற்று.

அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு வந்தது. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒருவர் ஐவருக்கும், அவ்வைவர் ஒவ்வொருவரும் வேறு ஐவருக்கும் அனுப்பினால், ஐந்தாம் படியிலேயே 3,125 பேரை அது எட்டிவிடும்!

மாணவ மாணவியரே, ஒரு படத்தின் மேல் இரட்டை அம்புக்குறியைக் கண்டால், அது பலமுறை கைமாறி வந்தது என்று அறியுங்கள். எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்று கேளுங்கள். விடை கிடைக்காவிடில், அது உங்களோடு நிற்கட்டும். அனுப்பிய பின் நீக்கலாமே என்று எண்ணவேண்டாம். பிறர் முன்னனுப்பிய படிகள் நம் கட்டளைக்கு அடங்கா.

பேரனின் முதலடியைக் கல்லாவிக்குக் கொணர்ந்த அதே விரல்தொடுகைதான் அத்திமூருக்கு அச்சத்தையும் கொண்டுசென்றது. கருவி ஒன்றே, தொடும் விரலுக்கு முன் மனம் ஒரு கணம் நிற்கவேண்டும்.