வெறுங்காலும் விலை உயர்ந்த சப்பாத்தும்



மாலை நேரம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, ஒரு குவளைத் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறோம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகன் கைப்பேசியை நம் முன்னே நீட்டுகிறான். “அப்பா, மாவட்ட ஓட்டப் போட்டிக்கு எனக்கு இந்தச் சப்பாத்துதான் வேணும். இதைப் போட்டுக்கிட்டு ஓடினா வெறுங்காலோட ஓடற மாதிரியே இருக்குமாம். காலுக்கு ரொம்ப நல்லதாம்” என்கிறான். விலையைப் பார்க்கிறோம். 400 வெள்ளி! வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா சிரிக்கிறார். “வெறுங்கால் மாதிரி இருக்கறதுக்கு 400 வெள்ளியா? நாங்க காசு இல்லாமதானடா வெறுங்காலோட ஓடினோம்!”

தாத்தாவின் சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது. பேரனின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்தில் 26 நாள் வேலை என்று கணக்கிட்டால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி வருகிறது. அப்படியானால், அந்த ஒரு சோடிச் சப்பாத்தின் விலை, சரிவிலும் சேற்றிலும் நின்று நாம் உழைக்கும் ஆறு நாள் உழைப்பு. ஆறு நாள் உழைப்பைக் கொடுத்து வாங்குமுன், அந்தப் பொருள் என்ன, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்வது நம் கடமையல்லவா?

முதலில் பொருளைப் பார்ப்போம். கடைகளில் சாதாரணமாக விற்கும் ஓட்டச் சப்பாத்தின் குதிகால் பகுதி தடித்தும், முன்பகுதி மெலிந்தும் இருக்கும். இரண்டுக்கும் இடையே 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர வேறுபாடு உண்டு. உள்ளே மெத்தை போன்ற பஞ்சு இருக்கும். வெறுங்கால் வகைச் சப்பாத்தில் இந்த மெத்தை இல்லை. குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும். அடிப்பகுதி மெல்லியது, கையால் சுருட்டினால் சுருளும். விரல்கள் விரிவதற்கு முன்பக்கம் அகலமாக விடப்பட்டிருக்கும். சில வகைகளில் கையுறையைப் போல ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உறையே இருக்கும்.

இந்த மோகம் எங்கிருந்து வந்தது? 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், எத்தியோப்பிய நாட்டு அபேபே பிக்கிலா மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். உலகமே வியந்தது. பிறகு 2009ஆம் ஆண்டில், மெக்சிகோ மலைகளில் மெல்லிய செருப்போடு நெடுந்தூரம் ஓடும் தாராஉமாரா மக்களைப் பற்றி ஓர் அமெரிக்க எழுத்தாளர் எழுதிய நூல் பெரும் புகழ் பெற்றது. மறு ஆண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் லீபர்மன், வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள் என்றும், அதனால் குதிகாலை இடித்து ஊன்றும்போது ஏற்படும் திடீர் அதிர்ச்சி குறைகிறது என்றும் தம் ஆய்வை வெளியிட்டார். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மெல்லிய சப்பாத்துகள் சந்தையில் குவிந்தன.

பிக்கிலாவின் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. அதே மனிதர் 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் சப்பாத்து அணிந்து ஓடினார். ரோமில் 2 மணி 15 நிமிடம் எடுத்தவர், தோக்கியோவில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்து மறுபடியும் தங்கம் வென்றார். வென்றது வெறுங்காலும் அல்ல, சப்பாத்தும் அல்ல. பல ஆண்டுப் பயிற்சி பெற்ற அந்தக் கால்கள்தாம்.

சரி, வெறுங்கால் நடைக்குப் பயனே இல்லையா? உண்டு. நம் மூதாதையர் வந்த தென்னிந்தியாவிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. கர்நாடகத்தில் 2,300 குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்து, 1992ஆம் ஆண்டில் இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் 100க்கு 8 அல்லது 9 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைகளில் 100க்கு 3 பேருக்கும் குறைவாகவே இருந்தது. பாதத்தில் இருக்கும் சின்னஞ்சிறு தசைகளும் கைத்தசைகளைப் போலத்தான். வேலை கொடுத்தால் வலுப்படும். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மெல்லிய சப்பாத்தை ஆறு மாதம் அன்றாடம் அணிந்து நடமாடியவர்களின் பாத வலிமை ஏறத்தாழ 57 விழுக்காடு கூடியிருந்தது. அவர்கள் ஓடவில்லை, அன்றாட வேலைகளைத்தான் செய்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இனி, மறுபக்கத்தையும் பார்ப்போம். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஓடிப் பழகிய சிலரிடம் விரல் உறை கொண்ட மெல்லிய சப்பாத்தைக் கொடுத்து, பத்து வாரத்தில் படிப்படியாகப் பழகச் சொன்னார்கள். முடிவில் அவர்களுடைய பாத எலும்புகளைப் படம் பிடித்துப் பார்த்தபோது, 19 பேரில் 10 பேருக்கு எலும்பின் உட்பகுதியில் வீக்கம் கூடியிருந்தது. எலும்பு தாங்க முடியாத சுமையைச் சுமக்கிறது என்பதற்கு அது முன்னெச்சரிக்கை. மறு ஆண்டு, அந்த வகைச் சப்பாத்தை விற்ற விப்ரம் நிறுவனம், “பாதத்தை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும்” என்று விளம்பரம் செய்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கில், தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே, 37 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அதன் பிறகு காற்று எதிர்த்திசையில் வீசியது. தடித்த மெத்தை வைத்த சப்பாத்துகள் நாகரிகமாயின. எவ்வளவு தடிமன் என்றால், சாலை ஓட்டத்துக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் அடித்தடிமன் கூடாது என்று உலகத் தடகளச் சம்மேளனம் 2020ஆம் ஆண்டில் விதி போட வேண்டியதாயிற்று. பத்து ஆண்டுக்குள் மெல்லியதே நல்லது என்றார்கள், பிறகு தடித்ததே நல்லது என்றார்கள். மனிதனின் கால் மட்டும் மாறவில்லை, நேயர்களே.

ஒரே சப்பாத்து ஒருவருக்கு நன்மையும் மற்றொருவருக்குத் தீமையும் செய்வது எப்படி? சுமையை நினைத்துப் பாருங்கள். ஒரு கூடையை முதுகிலிருந்து தலைக்கு மாற்றினால், கூடையின் எடை குறைந்துவிடுவதில்லை. சுமக்கும் இடம்தான் மாறுகிறது. மெல்லிய சப்பாத்தும் அப்படித்தான். முழங்காலின் சுமையைக் குறைத்து, அதைக் கெண்டைக்காலுக்கும், குதிகால் நரம்புக்கும், பாதத்தின் நடு எலும்புகளுக்கும் மாற்றுகிறது. சின்ன வயதிலிருந்து பழகிய காலுக்கு அது பாரமில்லை. பழகாத கால் நோகும். அவசரப்பட்டால் எலும்பில் விரிசல் விழும். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியானால் பழையபடி வெறுங்காலோடே திரியலாமே” என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம் தாத்தா, பாட்டிகளின் வெறுங்கால் ஏழ்மையின் அடையாளம். அதற்கு அவர்கள் கொடுத்த விலை மிக அதிகம். கொக்கிப்புழு ஈரமண்ணில் இருந்து, வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. தோட்டத் தொழிலாளர் பலர் இரத்தசோகையால் வெளுத்து, உழைக்கச் சக்தியின்றிப் போனதற்கு அந்தப் புழுவும் ஒரு காரணம். 1915 முதல் 1917 வரை, ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயாவுக்கும், ஜாவாவுக்கும், பீஜித் தீவுக்கும் வந்து இந்த நோயை ஆராய்ந்தது. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்த கதை இது. காலணியும் கழிப்பறையும் வந்த பிறகுதான் அந்தப் புழுவின் கொட்டம் அடங்கியது. ஆகவே வெறுங்காலைப் போற்றலாம். சேற்றிலும் குப்பை மேட்டிலும் வெறுங்காலை வைக்கக்கூடாது.

இந்த இடத்தில், நம் வீட்டு மூலையிலேயே கிடக்கும் ஒரு பொருளை நினைவூட்ட விரும்புகிறோம். பால்மரம் வெட்டுவோர் அணியும் ரப்பர் சப்பாத்து! ‘அடிடாஸ் கம்போங்’ என்று நம் நாட்டு மக்கள் வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதுதான். அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முழுவதும் ஒரே வார்ப்பு ரப்பர். அடியில் குமிழ்கள் இருப்பதால் சேற்றில் வழுக்காது. தண்ணீரை உறிஞ்சாது, கழுவித் துடைத்தால் உடனே காய்ந்துவிடும். மெத்தை கிடையாது, அடி மெல்லியது. கினபாலு மலையில் சுமை தூக்குவோரும், நம் நாட்டு மலைப்பாதை ஓட்டக்காரர் பலரும் இதைத்தான் அணிகிறார்கள். விலை பத்துப் பதினைந்து வெள்ளிதான். குறையும் உண்டு. காற்றோட்டம் இல்லாததால் கால் வியர்க்கும். காலுறை இல்லாமல் ஓடினால் கொப்புளம் போடும். ஆனாலும், மெல்லிய சப்பாத்து நம் காலுக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி வேறில்லை.

யார் இந்த வகைச் சப்பாத்தை நாடவே கூடாது? முதலில், நீரிழிவு நோயாளிகள். 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்நோயால் கால் மரத்துப்போனால், முள் குத்தினாலும் தெரியாது. சின்னப் புண் பெரிதாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரலாம். அவர்களுக்குத் தேவை கெட்டியான, மென்மையான உட்புறம் கொண்ட காலணி. அடுத்து, குதிகால் நரம்பு வலியோ, பழைய எலும்பு முறிவோ உள்ளவர்கள். உடல் எடை மிகுந்தவர்களும் அவசரப்படக்கூடாது. மருந்து தெளிக்கும்போதும், இயந்திரத்தால் கொழுந்து வெட்டும்போதும் பாதுகாப்புக் காலணிதான் அணிய வேண்டும். விளையாட்டுச் சப்பாத்து வேலைக்கு ஆகாது.

இப்போது மகனுக்கு என்ன பதில் சொல்வது? “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் அவன் ஆசையை அடக்க வேண்டாம். “முதலில் காலைத் தயார் செய், சப்பாத்தைப் பிறகு பார்ப்போம்” என்று சொல்லுங்கள். முதல் மூன்று வாரம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கட்டும். விரல்களால் தரையில் கிடக்கும் துண்டைச் சுருட்டி இழுத்துப் பழகட்டும். பிறகு, கண்ணாடித்துண்டும் முள்ளும் இல்லாத பள்ளித் திடலின் புல்தரையில், ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து நிமிடம் மெதுவாக ஓடட்டும். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மற்றப் பயிற்சிகளைப் பழைய சப்பாத்தோடே செய்யட்டும். நம் மலையில் ஏற்றமும் இறக்கமும் அதிகம். தார்ச்சாலை இறக்கத்தில் மெல்லிய சப்பாத்தோடு வேகமாக ஓடுவதைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். கெண்டைக்கால் ஓரிரு நாள் வலிப்பது இயல்பு. பாதத்தின் மேற்புறத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலி நின்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அரசாங்க மருந்தகத்துக்குப் போங்கள்.

போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால், புதுவகைச் சப்பாத்தே வேண்டாம். பழகிய சப்பாத்துதான் நல்ல சப்பாத்து. வளரும் பிள்ளையின் பாதம் சில மாதங்களிலேயே நீண்டுவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. இன்று 400 வெள்ளிக்கு வாங்கியது அடுத்த ஆண்டு தம்பிக்குத்தான் பொருந்தும்.

ஆறு மாதம் பழகிய பிறகும் அவனுக்கு அது ஒத்துவருகிறது, கையிலும் பணம் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். அப்போதும் விளம்பரத்தைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். ஒரு தாளின் மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். சப்பாத்தை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். கோடு சப்பாத்துக்கு வெளியே தெரிந்தால், அது உங்கள் பிள்ளையின் சப்பாத்து அல்ல. நடந்து களைத்த மாலை நேரத்தில், கால் சற்றே பருத்திருக்கும்போது போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

நேயர்களே, காலுக்கேற்ற செருப்பு வேண்டும். செருப்புக்கேற்றபடி காலை வெட்ட முடியாது. வெறுங்காலின் வலிமையை யாரும் பெட்டியில் அடைத்து விற்க முடியாது. அது புல்தரையில், நாள்தோறும், பொறுமையாகச் சேர்வது. அந்த வலிமையைச் சேர்த்துக்கொண்ட பிள்ளைக்கு 15 வெள்ளிச் சப்பாத்தும் போதும். சேர்க்காத பிள்ளைக்கு 400 வெள்ளிச் சப்பாத்தும் உதவாது. தாத்தாவிடம் அவர் வெறுங்காலோடு ஓடிய கதையைப் பேரன் கேட்கட்டும். அவர் காலில் கண்ட புண்ணின் கதையையும் சேர்த்தே கேட்கட்டும். இரண்டையும் கேட்ட பிள்ளை தன் காலை அறிந்து ஓடுவான்.