இரட்டை வாய் "மர்ம" சாமான்! எடைக்குப் போடும் முன் எண்ணைப் பாருங்கள்!

திருப்பூர்:

பழைய இரும்புக் கடையில் ஒரு கோணி மூட்டை. உள்ளே நிட்டிங் மிஷின் பல்சக்கரம், உடைந்த மோட்டார் மூடி, துருப்பிடித்த போல்ட்டுகள். நடுவே அலுமினியத்தில் ஒரு சாமான். அதற்கு இரண்டு வாய். இரண்டையும் சேர்க்கும் ஒரு குழாய்.

"இதென்னுங்க?"

"தெரியலீங்களே... ஏதோ வண்டிச் சாமானுங்க. தராசுல போடுங்க!"

இப்படி ஒரு பேச்சு நடந்தால் அத்தோடு கதை முடிந்தது. அலுமினியம் நேராக உலைக்குப் போகும். அது 60, 70 வருஷத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் சாமானாக இருந்தால்? அதற்காக ஊர் ஊராக ஒருவர் அலைந்துகொண்டிருக்கலாம்!

ஊசிக்கு கேஜ், போல்ட்டுக்கு மறை

பெயர் தெரியாத சாமானைக் கண்டுபிடிப்பது மந்திரம் அல்ல. பனியன் கம்பெனி பிட்டர், அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்று எண்ணி மிஷினின் கேஜ் சொல்கிறார் அல்லவா? அதே கணக்குதான்.

முதல் வேலை, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைப்பது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. மெல்லிசாகக் குத்திய எண் அழிந்துவிடும். அழிந்தால் துப்பும் போச்சு!

அடுத்தது எண். சாமானில் புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண். கேட்லாக்கில் உள்ள சாமான் எண் அதுவல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் கொடுத்தால் வேறு சாமான் வந்து சேரும். குத்திய எண்ணுக்கு மதிப்பு அதிகம். அந்தக் கால லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் மாடல், சாமான் எண் மட்டுமல்ல, செய்த மாதமும் வருஷமும் குத்தப்பட்டிருக்கும்.

ஏமாற்றும் போல்ட்

எண் இல்லையா? மறையைப் பார்க்க வேண்டும். இங்கேதான் கெட்டிக்கார மெக்கானிக்கும் சறுக்குவார்.

எம்.ஜி. கம்பெனியின் டி.சி., டி.டி. ரக ஸ்போர்ட்ஸ் கார்கள் 1945 முதல் 1953 வரை இங்கிலாந்தில் தயாரானவை. எஞ்சின் 1,250 சி.சி. போல்ட் தலைக்கு இங்கிலீஷ் விட்வொர்த் ஸ்பானர் பொருந்தும். ஆனால் மறையோ மெட்ரிக்!

காரணம் உண்டு. பிரெஞ்சுக் கம்பெனியான ஹாட்ச்கிஸ்ஸின் கவன்ட்ரி எஞ்சின் தொழிற்சாலையை மாரிஸ் 1923-ல் வாங்கினார். அங்கே இருந்த மிஷின்கள் மெட்ரிக் மறை போடுபவை. மிஷின்களை மாற்றவில்லை. ஸ்பானருக்காகப் போல்ட் தலையை மட்டும் மாற்றினார்கள்.

இதில் 8 மில்லி போல்ட்டின் மறை இடைவெளி 1 மில்லி. இன்று கடையில் கிடைக்கும் சாதா 8 மில்லி போல்ட்டுக்கு 1.25 மில்லி. 5/16 அங்குல போல்ட்டோ 7.94 மில்லி. வெர்னியரில் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் எஞ்சின் பிளாக்கில் மறை பிய்த்துக்கொள்ளும். ஆகவே மறை கேஜ் வைத்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டையும் முறுக்கக் கூடாது.

அம்பாசிடரின் அண்ணன்!

சரி, அந்த இரட்டை வாய்ச் சாமான்? அதற்கு விடை நம் ஊர் டாக்சி ஸ்டாண்டிலேயே இருந்தது!

அம்பாசிடர் காரில் 1959 முதல் வந்தது 1,489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின். எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1955-ல் வந்தபோது அதிலும் இதே குடும்பத்து 1,489 சி.சி. எஞ்சின்தான். அம்பாசிடரில் ஒரு கார்புரேட்டர். எம்.ஜி.ஏ.வில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள். இரண்டு வாய் எதற்கு என்று இப்போது புரிகிறதா? சாமானின் மறுபக்கத்தை அம்பாசிடர் எஞ்சின் ஹெட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். துளைகள் சேர்ந்தால் பெரிய துப்பு கிடைத்துவிட்டது.

ஆனால் பொருந்துகிறதே என்று எல்லாச் சாமானையும் மாட்டிவிட முடியாது. எம்.ஜி.ஏ. எஞ்சினின் சக்தி தொடக்கத்திலேயே 68 குதிரை. அம்பாசிடருக்கு ஏறத்தாழ 50தான். உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே அளவு மாறும். மைக்ரோமீட்டர் வைக்காமல் கண்ணளவில் பேரிங் மாட்டினால் ஓட்டத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். உயிரோடு விளையாட்டு!

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. டிரையம்ப் ஸ்பிட்பயர் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் அதே குடும்பம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அசல் சாமானுக்கு ஏன் இத்தனை அலைச்சல்? 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி போட்டது. முதல் பதிவுக்குப் பின் 50 வருஷம் கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்போதுதான் "வி.ஏ." எழுத்துள்ள தனி நம்பர். கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5 ஆயிரம். வண்டியை வாடகைக்கு விட முடியாது.

ஆக, கிடைக்காத சாமானுக்குப் பதில் வேறு எஞ்சினையே தூக்கி வைத்தால் அந்தத் தகுதியே போய்விடும். எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் போலீசுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். பழைய சாமான் வாங்குகிறவர்கள் யாரிடம் வாங்கினோம் என்பதற்கு ரசீது கேட்டு வாங்குவது நல்லது.

கழற்றிப் படித்தவர்

பழைய வண்டிகளை நேரில் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் 2015 முதல் இருக்கிறது. ஜி.டி. நாயுடு (1893-1974) பெயரைச் சொல்லும் இடம். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, திரும்பப் பூட்டியே தொழில் படித்தவர் அவர்.

அம்பாசிடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. அந்த எஞ்சினைத் தொட்டுப் பழகிய மெக்கானிக்குகளுக்கும் வயதாகிவிட்டது. எனவே கடைக்காரர்களே, கோணியில் பெயர் தெரியாத சாமான் வந்தால் உடனே தராசில் ஏற்றாதீர்கள். துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்துத் தெருப் பெரிய மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

"அண்ணா, இது எந்த வண்டிதுங்ண்ணா?"

கேட்பதற்குக் காசு ஆகாது!