கசப்பு மருந்தும் வினையூக்கியும்

வினையூக்கி என்றால் என்ன என்று கேட்டால் நாம் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவோம்: வினையின் வேகத்தைக் கூட்டும், தான் செலவாகாது. இரண்டு மார்க். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கொயினாவின் கதையைப் படித்த பிறகுதான், அந்த விடையில் முக்கியமான பாதி விட்டுப்போயிருப்பது தெரிந்தது.

கொயினா, சிங்கோனா மரப்பட்டையில் உள்ள ஆல்கலாய்டு, புத்தகத்தில் குயினைன். மலேரியாக் காய்ச்சல் பேச்சு வந்தாலே எங்க பாட்டி அதன் கசப்பைத்தான் சொல்லும். 1820-ல் பாரிஸில் பெல்த்தியே, கவாந்தூ இருவரும் அதைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1860-களில் வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரியிலும் இந்த மரத்தைப் பயிரிட்டார்கள்.

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் இதை லேபிலேயே செய்யப் பார்த்தார். வயது 18, நம்ம வயசு! கொயினாவில் 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். 10 கார்பன், 13 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன் உள்ள அல்லைல் டொலுயிடின் இரண்டை எடுத்து, ஆக்சிஜன் சேர்த்துத் தண்ணீரைக் கழித்தால் கணக்கு சரியாக வரும். கணக்கு வந்தது, கொயினா வரவில்லை. வந்தது செம்பழுப்புச் சேறு! (பிறகு அனிலினை வைத்துச் செய்தபோது ஊதாச் சாயம் கிடைத்தது தனிக்கதை.)

ஏன் வரவில்லை? அணுக்களை எண்ணினால் மட்டும் போதாது. எது எதோடு சேர்ந்து, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் வேண்டும். இடது செருப்பும் வலது செருப்பும் ஒரே தோல், ஒரே தையல்தான். மாற்றிப் போட்டு நடந்து பாருங்கள்! கொயினாவில் இப்படி இரு பக்கமும் திரும்பக்கூடிய கார்பன்கள் 4. ஆக 2×2×2×2, 16 வடிவங்கள். அதில் ஒன்றுதான் கொயினா. இரண்டு கார்பன் திரும்பிக்கொண்டால் குயினிடின். அது இதயத் துடிப்புக் கோளாறுக்கான மருந்து.

சாதாரண வினையில் இடதும் வலதும் கலந்தே வரும். 2004-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜேக்கப்சன் குழுவினர் வினையூக்கிகளைக் கொண்டு இதைச் சமாளித்தார்கள். முதலில் ஓர் அலுமினிய வினையூக்கி. அலுமினிய அணுவைச் சுற்றி ஒரு பக்கமாக வளைந்த கரிமக் கூடு இருக்கும். மூலக்கூறு அதில் ஒரு பக்கமாகத்தான் வசதியாகப் பொருந்தும். கவனியுங்கள், இங்கும் வேகத்தைக் கூட்டுவதுதான் வேலை. ஆனால் வேண்டிய பக்கத்துக்கு மட்டும்! கொஞ்சம் போட்டால் போதும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு பல்லேடியம் கொண்டு இரண்டு துண்டுகளை இணைத்தார்கள். மீதமுள்ள இரண்டு கார்பன்களுக்கு ஆஸ்மியம். ஆஸ்மியத்துக்குத் தானாகப் பக்கம் தெரியாது. பக்கம் காட்ட, ஷார்ப்லெஸ் (2001-ல் நோபல் பரிசு பெற்றவர்) முறைப்படி ஒரு துணைப்பொருள் சேர்ப்பார்கள். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? சிங்கோனா ஆல்கலாய்டிலிருந்தேதான்! படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்தை விட்டுவிட்டுச் செய்யக் கிளம்பியவர்கள், வழி கேட்டு மரத்திடமே வந்து நிற்கிறார்கள். அந்தத் துணைப்பொருளின் எதிர் ஜோடியைப் போட்டு அதே குழு குயினிடினையும் செய்தது.

இத்தனை படிகளுக்கும் செலவு கொஞ்சமல்ல. அதனால் விற்பனைக்கு வரும் கொயினா இன்றும் பட்டையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மரத்துக்குள்ளும் வேலை செய்வது வினையூக்கிதான், அதற்கு நொதி என்று பெயர். அடுப்பு கிடையாது, ஆஸ்மியமும் கிடையாது.