ஒட்டும் எழுத்தும் உடுத்திய கோலமும்

ஆய்வேட்டுக்கு மேற்கோள் திரட்டும் காலம் வந்துவிட்டால், காரியவட்டத்து நூலகத்திலும் விடுதி அறைகளிலும் ஓயாது நிகழும் தொழில் ஒன்று உண்டு. ஓரிடத்து எழுத்தை எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டுவதே அது. (களவைச் சொல்லவில்லை, முறையாக மேற்கோள் காட்டுவோரையே சொல்கிறேன்.) ஒட்டிய பின் நோக்கினால் ஒரு பத்தி சிவப்பு, ஒரு பத்தி பேரெழுத்து, வேறொரு பத்திக்குப் பின்னே மஞ்சள் பூச்சு! ஒட்டுப்போட்ட சட்டை போலப் பக்கம் காட்சி தரும். இதனைத் தவிர்க்க எளிய வழி உண்டு. ஆனால் அவ்வழியில் தமிழர்க்கென ஒரு பள்ளமும் உண்டு. அப்பள்ளத்தைக் காட்டுவதே என் நோக்கம்.

வெட்டி ஒட்டும் இம்முறையை 1970களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் வகுத்தவர் லாரி டெஸ்லர். 2020இல் மறைந்தார். கத்தரியும் பசையும் கொண்டு பத்திரிகைக்காரர் செய்த வேலையையே கணிப்பொறிக்குள் கொண்டுவந்தார். ஆயின் கத்தரித்த தாள் ஒன்றுதான். கணிப்பொறியோ நாம் ‘காப்பி’ செய்யும்பொழுது ஒரே பகுதியைப் பல கோலங்களில் எடுத்து வைக்கிறது. நிறம், அளவு, எழுத்துருவின் பெயர் யாவும் சேர்ந்த கோலம் ஒன்று. எழுத்து மட்டுமே நிற்கும் வெறுங்கோலம் ஒன்று. ஒட்டும்பொழுது, கேளாமலே அணிகலன் மிகுந்ததைத் தருவது அதன் இயல்பு. வெறுங்கோலம் வேண்டின் நாம்தாம் கேட்க வேண்டும்.

எவ்வாறு கேட்பது? கூகிள் டாக்ஸில் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ‘வி’யைத் தட்டுக. புதிய வேர்டிலும் 2023 முதல் இதுவே வழக்கு. லிப்ரெ ஆபிஸில் ஆல்ட்டையும் உடன் அழுத்த வேண்டும். இவை ஒன்றும் நினைவில் நில்லாதோர் முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மீண்டும் எடுத்துச் செல்லலாம். நோட்பேடு கோலத்தைக் களைந்துவிடும். களையும்பொழுது சாய்வெழுத்தும் தடித்த எழுத்தும் போகும். மேலே சிறிதாய் நின்ற அடிக்குறிப்பு எண் கீழே இறங்கி, 1962 என்பது 19627 என்று ஆகிவிடும். ஆய்வு மாணவர் இதில் விழிப்பாயிருத்தல் நன்று.

இனிப் பள்ளத்துக்கு வருவோம். நண்பர் ஒருவர் பழைய கட்டுரைக் கோப்பு ஒன்றைத் திறந்தார். திரையில் நல்ல தமிழ். எடுத்தார், வெறுமையாய் ஒட்டினார், தமிழைக் காணோம்! பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் வரிவரியாய் நின்றன. கணிப்பொறி கெட்டதென்று எண்ணிக் கோப்பையே அழிக்க முற்பட்டார். கெட்டது ஒன்றுமில்லை. அக்கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டியது. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால், உள்ளே கிடப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. ஜே-யின் இடத்தில் ‘த’வின் உருவத்தையும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியையும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துருவும் கோலத்தின் ஒரு பகுதிதானே? கோலத்தைக் களைந்ததும் தமிழும் கழன்று வீழ்ந்தது.

யுனிகோடில் எழுதியதற்கு இக்கதி இல்லை. அங்கே தமிழுக்கென 2944 முதல் 3071 வரை தனியிடம் உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்களாய் நிற்கும். எந்த எழுத்துருவைக் களைந்தாலும் அவ்வெண்கள் தமிழே.

பாமினி முதலியவற்றைச் செய்தோரைப் பழிப்பது தகாது. கணிப்பொறியில் ஆங்கிலமன்றி வேறு வழி எளிதில் கிட்டாத நாளில் தமிழைத் திரையில் ஏற்றியவர்கள் அவர்கள். ஆனால் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு முறை என்றாயிற்று. சென்னையில் 1999இல் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே டாம், டாப் என்னும் முறைகள் தரம் பெற்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை முதலில் திஸ்கி முறையில் வெளியிட்டுப் பின்னர் யுனிகோடுக்கு மாற்றியது. தமிழக அரசு 2010இல் யுனிகோடை ஏற்றது. நம்முடன் பயிலும் மலையாள நண்பர்க்கும் இத்துன்பம் புதிதன்று, எம்.எல்-டிடி கார்த்திகாவில் தட்டிய கோப்பை வெறுமையாய் ஒட்டினால் அவர்க்கும் ஆங்கிலமே மிஞ்சும்.

சரி, அந்த அரைப்புள்ளிக் குவியலை என்ன செய்வது? அழிக்கலாகாது! மாற்றிக்கு வேண்டிய மூலப்பொருள் அதுவேதான். பொங்குதமிழ், என்.எச்.எம். முதலிய மாற்றிகளில் இட்டு, எழுத்துருவின் பெயரைச் சொன்னால் யுனிகோடுத் தமிழாய் வெளிவரும். சிக்கல் அந்தப் பெயரில்தான். வெறுமையாய் ஒட்டியபொழுது கழிந்தவற்றுள் பெயரும் ஒன்று. பெட்டியைத் திறக்கும் சாவியையே குப்பையில் எறிந்தாற்போல. ஆதலின் ஒட்டுமுன் மூலக்கோப்பில் எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்க. இடையே ஆங்கிலச் சொல் வந்தால் அதைத் தனியே பிரித்து வைக்க. இல்லையேல் மாற்றி அதையும் பாமினியென்றே கருதும். ‘புக்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘டிழழம’ என்று வந்து நிற்கும். எந்த அகராதியில் தேடுவது?

நம் பல்கலைக்கழகம் 1962இல் வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டது. ஒரு சொல் எங்கெங்கே வருகிறதென்று காட்டும் அவ்வேலையில் ஒரு பகுதியை இன்று தேடுபெட்டி நொடியில் செய்கிறது. ஆனால் பாமினிக் கோப்பில் யுனிகோடுத் தமிழால் ‘அறம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும் உள்ளே ஓர் ‘அ’கூட இல்லை. ஐயம் உள்ள கோப்பில் ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அரை நிமிடத்தில் உண்மை தெரியும்.

நம் மன்றத்தின் பழைய மலர்களைத் தட்டச்சிட்டு வைத்திருக்கும் மூத்த மாணவர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், கோப்பை அனுப்பும்பொழுது எழுத்துருவின் பெயரையும் ஒரு வரியில் எழுதி அனுப்புமாறு வேண்டுகிறேன். எழுத்துருவே கையில் இருப்பின் அதையும் சேர்த்தனுப்புக.