உப்பு யார் கையில்?

தூத்துக்குடி மாவட்டத்தின் சாகுபுரம், ஆறுமுகநேரிப் பக்கம் போனால் உப்பளங்கள் கண்ணில் படும். அந்த உப்பு உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் சென்னைக்கு அல்ல, டெல்லிக்கு. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 58ஆவது இனம் அது. தூத்துக்குடிப் பெரிய துறைமுகமும் டெல்லியிடம்தான். மீன்பிடிப்போ, 12 கடல் மைல் வரை மாநிலத்துக்கு, அதற்கப்பால் ஒன்றியத்துக்கு. மீனுக்கு இந்த எல்லை தெரியாது, பாவம்!

அதிகாரத்தை இப்படிப் பிரித்த அரசியலமைப்புக்கு மாநிலங்களின் ஒப்புதல் கேட்கப்பட்டதா? 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பு மாநிலம் மாநிலமாக விவாதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. நம்முடையதை 1949 நவம்பர் 26இல் அரசியல் நிர்ணய சபையே ஏற்றது. மாகாணச் சட்டமன்றங்களிடம் தனியே ஒப்புதல் கேட்கவில்லை. பின்னர் 1974இல் தமிழகச் சட்டமன்றம் மாநில சுயாட்சி கோரித் தீர்மானம் போட்டது. ஆனால் உப்பை மாநிலப் பட்டியலுக்கு மாற்ற வேண்டுமானால், நாடாளுமன்றத்தோடு குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களும் சம்மதிக்க வேண்டும்.