பேச்சை நம்பிய தத்துவ அறிஞர்

அதிகாரத்தாலும் பணத்தாலும் அன்றி, பேசிப் பேசியே மக்கள் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வர முடியுமா? முடியும் என்று நிறுவுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் யூர்கன் ஹேபர்மாஸ்.

1929-இல் பிறந்த அவருக்குப் பிறவியிலேயே அண்ணப் பிளவு. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பேச்சு தெளிவுபடவில்லை. பள்ளியில் கேலிக்கு ஆளானார். மொழியின் அருமையைத் தமக்கு உணர்த்தியவற்றுள் அக்குறையும் ஒன்று என்று 2004-இல் கியோட்டோ பரிசு பெற்றபோது அவரே குறிப்பிட்டார். நாஜி ஆட்சி வீழ்ந்தபோது அவருக்கு வயது 15. தம் நாடு செய்த கொடுமைகளை அதன் பிறகே முழுமையாக அறிந்தார். ஹைடெக்கர் தம் 1935-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளை, நாஜி இயக்கத்தைப் புகழும் பகுதியோடு 1953-இல் அப்படியே வெளியிட்டபோது, நாளிதழில் அவரைத் துணிந்து கண்டித்தார். அப்போது அவர் 24 வயது மாணவர்!

1956-இல் பிராங்க்பர்ட்டில் அடோர்னோவின் உதவியாளரானார். நிறுவனத் தலைவர் ஹார்க்ஹைமருக்கு இவர் போக்குப் பிடிக்கவில்லை. ஆய்வேட்டுடன் மார்பர்க் சென்றார். அதுவே 1962-இல் பொதுவெளி பற்றிய நூலாயிற்று. லண்டன் காப்பிக் கடைகளில் குலமும் பட்டமும் பாராமல் அரசை விமர்சித்த உரையாடலிலிருந்து மக்கள் கருத்து பிறந்தது. பின்னர் வணிகமும் விளம்பரமும் அதை விழுங்கின என்பது அவர் வாதம்.

1981-இல் வந்த இரு தொகுதிகளே அவருடைய பெருநூல். படிக்கக் கடினம்தான், கருத்து எளிது. "உள்ளே இடமிருக்கிறது, நகருங்கள்" என்று ஒரு நடத்துநர் கூறுவதாகக் கொள்வோம். இடம் உண்மையில் இருக்கிறதா, அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா, மனமறிந்து சொல்கிறாரா என்று மூன்று வகையில் நாம் கேட்கலாம். அவரும் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். பணத்துக்கோ அதிகாரத்துக்கோ அந்தக் கடமை இல்லை. அவை குடும்பத்திலும் கல்வியிலும் புகுந்து காரணம் கேட்கும் வழக்கத்தையே அழிக்கின்றன என்பதே அவர் கவலை.

அந்தக் காப்பிக் கடைகளில் பெண்களுக்கு இடம் ஏது? அமெரிக்க அறிஞர் நான்சி பிரேசர் 1990-இல் எழுப்பிய மறுப்பில் இதுவும் ஒன்று. இதில் நான் பிரேசர் பக்கமே. பேச அழைக்கப்படாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாதே! ஹேபர்மாஸும் பின்னர் இக்குறையைப் பெரிதும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அழைக்கப்படாதவர் கதவைத் தட்டும்போது கையாளும் வாதமும் "உன் காரணத்தைச் சொல்" என்பதுதான். அதை நமக்கு விளக்கித் தந்தவர் அவரே.

2022-இல், 93-ஆம் வயதில், இணையத்தால் மாறிவரும் பொதுவெளி பற்றி மீண்டும் ஒரு நூல் எழுதினார். அச்சு எல்லோரையும் வாசகராக்கியது. இணையமோ எல்லோரையும் எழுத்தாளராக்கிவிட்டது. வாசிக்கக் கற்கவே நூற்றாண்டுகள் ஆயினவே, பொறுப்போடு எழுதக் கற்க எத்தனை காலம் ஆகும் என்பது அதில் அவர் எழுப்பும் கேள்வி.